நெட்டைத் தொடாத குரல்

“இன்டர்நெட்டைத் தொடாத மெஷின்ல இருந்தாதாம்மா அது நிஜமான அப்பா குரல். மத்ததெல்லாம் யாராச்சும் ஏஐ வச்சு செஞ்சது” என்று ரோஸ்லின் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். அவள் பிறக்கும் முன்பே இறந்துபோன அப்பாவின் கணினி, மெக்கானிக் சகாயத்தின் மேசையில் கிடந்தது.

பவர் சப்ளையில் உப்பியிருந்த கெப்பாசிட்டரை அவர் மாற்றினார். விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது.

“சீக்கிரம்ணே” என்றாள் அம்மா பிலோமினா.

அந்தப் பதற்றத்தில், எல்லா மெஷினுக்கும் செய்வதுபோல, நெட் வழியாகக் கோளாறு கண்டுபிடிக்கும் டெஸ்டரைச் செருகிவிட்டார். அது காட்டிய வயரை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. பிலோமினா பழைய பதிவைத் திறந்தாள்.

“பாப்பா, அம்மாவ உதைக்காத” என்று சிரித்தது ஓர் ஆண்குரல்.

ரோஸ்லின் டெஸ்டரில் மினுங்கிய நெட் விளக்கையே பார்த்தாள்.

“அம்மா, இது அப்பாதானா?”

இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு, பிலோமினாவுக்கும் சொல்லத் தெரியவில்லை.