ஏழாம் பக்கம்

அந்த வெள்ளைக் கவரை அவள் மூன்று நாளாகப் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேசை மேல் கிடந்தது. போன வருஷமும் இப்படித்தான், ஒரு திங்கட்கிழமை, மூன்று பேருக்கு வெள்ளைக் கவர் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பேரும் மூட்டை கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் ஆய்வகத் தலைவிக்கு 'கத்தரிக்கோல்' என்று பெயர். தலைவி இவளைவிட நாலு வயசு சின்னவள். ஆனாலும் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே காபி குடித்துக்கொண்டிருப்பவருக்குப் புரையேறும்.

இவளுடைய ஒப்பந்தம் இந்த வெள்ளியோடு முடிகிறது. வேலை போனால், வேலையோடு வந்த குவார்ட்டர்ஸும் போகும். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். கவரைப் பிரிக்காதவரை வேலை இருக்கிற மாதிரிதானே? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். இவள் கவரைக் கைப்பையில் இன்னும் அடியில் தள்ளினாள்.

கொடுத்திருந்த வேலையும் லேசுப்பட்டதா! நுண்ணோக்கியில் எடுத்த படங்களைச் சேர்த்தால், ஒரு புரதத்தின் உருவம் மங்கலான மேகம் மாதிரி கணினியில் தெரியும். அந்த மேகத்துக்குள் ஆயிரக்கணக்கான அணுக்களை நகர்த்தி நகர்த்திக் கச்சிதமாகப் பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்தித் தர மூன்று மென்பொருள்கள். எது உசத்தி என்று ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று, கத்தரிக்கோல் பெயர்களை மறைத்து, சிவப்பு, நீலம், பச்சை என்றுதான் கொடுத்திருந்தாள்.

மதிப்பெண்ணில் பச்சைதான் முதல். இவள் அதோடு விடவில்லை. படங்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வைத்துப் பொருத்தியதை மறுபாதியோடு ஒத்துப் பார்த்தாள். பச்சையின் குட்டு உடைந்தது. புரதத்தில் மருந்து போய் உட்காருகிற குழி இருக்கிறதே, அங்கே வெறும் கறைகளையெல்லாம் உருவம் என்று நம்பி, மருந்தைத் தலைகீழாகத் திணித்து வைத்திருந்தது. நீலம் ஒழுங்காக வைத்திருந்தது. படத்தோடு ஏழாம் பக்கத்தில் எழுதிவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். பச்சை எழுதித் தரும் கோப்புகளின் கடைசி வரியைக் காட்டினார். எல்லாமே மூன்று நட்சத்திரக் குறியோடு முடிந்தன. கத்தரிக்கோல் அனுப்பும் மெயிலும் அப்படித்தான் முடியும்.

"ஏம்மா, இது அவங்க எழுதினது. அவங்க பெத்த பிள்ளையை அவங்ககிட்டயே போய் மக்குன்னு சொல்லப் போறியா? அதுவும் இந்த வாரத்துல?"

சொல்லாமல் போனால் பாவம், சொன்னால் வீடு போகும். பதினோரு மணிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பத்தே முக்காலுக்கு ஏழாம் பக்கத்தை உருவி, நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். எட்டாம் பக்கத்தை ஏழாக்கி மறுபடி அச்செடுத்தாள். பக்கத்து மேசைக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

கத்தரிக்கோல் அறிக்கையை நின்றுகொண்டே புரட்டினாள்.

"பச்சைதான் முதலா?"

"ஆமாங்க மேடம்."

"மருந்து உட்கார்ற இடத்துலயும்?"

"அங்கேயும்தான்."

கத்தரிக்கோல் நிமிர்ந்து இவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "திங்கட்கிழமை ஒரு கவர் வெச்சிருந்தேனே, படிச்சீங்கல்ல?"

படிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? தலையை ஆட்டினாள்.

"அப்போ இதை முழுசா நம்பலாம்."

பச்சை பொருத்திய வடிவத்தையே மத்தியானம் மருந்து செய்கிற பிரிவுக்கு அனுப்பிவிடுவதாகவும், அதை வைத்து அவர்கள் நாளைக்கே வேலையை ஆரம்பித்துவிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டு, கத்தரிக்கோல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெளியே வந்தாள். வேலையை விட்டுப் போ என்கிற கடிதத்தைப் படித்தவளை எதற்கு நம்ப வேண்டும்? நடைபாதையிலேயே நின்று கைப்பைக்குள் கையை விட்டாள். பிரித்த அவசரத்தில் கவர் கோணல்மாணலாகக் கிழிந்தது.

மூன்று வருஷத்துக்கு ஒப்பந்த நீட்டிப்பு. கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆகியிருந்தது. தேதி, இந்தத் திங்கட்கிழமை. அடியில் பேனாவால் சில வரிகள்:

'மூன்றில் ஒன்று நான் எழுதியது. எது என்று சொல்லமாட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எழுதுகிற அறிக்கை எதற்கும் உதவாது. அதனால்தான் உங்கள் அறிக்கையைப் பார்க்கும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னுடையது தோற்றால் தோற்றது என்றே எழுதுங்கள்.'

கீழே மூன்று நட்சத்திரக் குறிகள்.

அவள் ஏழாம் பக்கத்தை எடுத்து, சுவரில் வைத்து மடிப்புகளை நீவினாள். எவ்வளவு நீவியும் மடிப்பு போகவில்லை. அப்படியே திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள்.