நாற்காலிப் பிடியில் ஒரு கை

“மூஞ்சியப் பாத்துச் சொல்ல வழியில்லம்மா. பாறையில விழுந்து நசுங்கிப்போச்சு. கை மட்டுந்தான் சேதமில்ல. நல்லாப் பாரு.”

எஸ்.ஐ. ஒரு போட்டோவை மேசைமேல் நகர்த்தினார். வெள்ளைத் துணியில் விரித்து வைத்த ஓர் ஆணின் இடது கை. கம்பம்மெட்டுப் பாதைக்குக் கீழே கிடந்த அந்த உடலைப் புதைத்துப் பத்து நாளாகிவிட்டது. மிஞ்சியது இந்தப் படம்தான்.

சந்தனம்மாள் ஒரே ஒரு முறை பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“சொல்லு ஆத்தா, நம்ம ஒச்சாண்டியா?”

மாமனார் ராக்கையா அவள் பக்கம் காதைச் சாய்த்தார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்தவர். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிய ஒரே மகனிடமிருந்து ஆறு மாதமாகச் சேதி இல்லை.

“தெரியல மாமா.”

“கட்டுனவளுக்கே தெரியலன்னா ஊருக்கா தெரியும்?” என்றார் ஏட்டு. “யோவ் பெருசு, ஒம் மகன் எதுலயாச்சும் கைநாட்டு வச்சிருக்கானா?”

“கையெழுத்தே போடுவான் சாமி!” அந்த இடத்திலும் கிழவருக்குப் பெருமை வந்தது. துண்டில் சுற்றி வைத்திருந்த கண்ணாடிப் படத்தை எடுத்து நீட்டினார். “இதுல அவன் கை தெரியும்னு சொன்னாக. ஒத்துப் பாருங்க. இருக்கானா, இல்லையா? ஒத்த வார்த்தை போதும். இல்லைன்னா காரியத்தச் செஞ்சுட்டு நானும் படுத்துருவேன்.”

ஜோடிப் படம். ஒச்சாண்டி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் சந்தனம்மாள். நாற்காலிப் பிடியில் அவன் இடது கை விரிந்திருந்தது.

எஸ்.ஐ. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“செத்தவனுக்கு ஆள்காட்டி விரலவிட மோதிர விரல் நீளம். இதுல ரெண்டும் சமம். சுண்டு விரலும் ஒத்து வரல, குட்டையா இருக்கு. ஏன் பெருசு, ஒம் மகன் விரல் எப்படி?”

“நெட்டை குட்டைன்னு யாரு சாமி அளந்து பாத்தா?”

“நீ சொல்லும்மா. இந்தப் படத்துல இருக்கது ஒம் புருஷன்தான?”

சந்தனம்மாள் மாமனாரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் கூப்பியபடி நின்றிருந்தார்.

“ஆமா சார். அவுகதான்.”

“அப்ப இவன் வேற ஆளு. கெளம்பு பெருசு. ஒம் மகன் எங்கனயோ நல்லாத்தான் இருக்கான்.”

காமயகவுண்டன்பட்டி பஸ்ஸில் கிழவர் வாய் ஓயவில்லை. ஒரு வாரமாக வெறும் பச்சைத் தண்ணீரைக் குடித்துக் கிடந்தவர் இரண்டு வடை கேட்டு வாங்கித் தின்றார்.

“வரட்டும் அந்தப் பய, செருப்பாலயே வெளுக்கேன். நீ ஏன் ஆத்தா பேசாம வர்ற? பூ வாங்கி வச்சுக்க.”

“சரி மாமா.”

அவள் மடியில் படம் கிடந்தது. ஒச்சாண்டி மலையில் இருந்தபோது, ஆசைக்கு ஒரு ஜோடிப் படம் வேண்டுமென்று யாருக்கும் சொல்லாமல் அவள் தனியாகப் போய்ச் செய்து வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தவர் ஸ்டூடியோக்காரர். வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய தலை மட்டும்தான் ஒச்சாண்டியுடையது.

ஸ்டேஷன் மேசையில் பார்த்ததுதான் அவளுக்குத் தாலி கட்டிய கை.