பின்னறைத் தூக்கம்

“பின்னறைச் சாவியக் குடுங்கப்பா.”

சமயநல்லூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே, கேட்கவே கூடாது என்று தமிழ்வாணிக்குச் சொல்லிவைத்த சாவி அது. அப்பா அழகுமலை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அங்கன யாரும் படுக்குறதில்ல ஆத்தா.”

“இங்கன மட்டும் யாரு படுக்க விடுறா?”

ஊசி விழுந்தாலும் முழித்துக்கொள்கிறவள் அவள். பாலில் ஜாதிக்காய் உரசிக் குடித்துப் பார்த்தாள். உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்தாள். செல்போனை அடுப்படியில் போட்டுவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தாள். எல்லாம் பலிக்கும், வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருந்தால். நேரங்கெட்ட நேரத்தில் வருகிற அண்ணன் சிவபாண்டிக்குத் தோசை ஊற்ற அவளைத்தான் எழுப்புவார்கள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறவள் அவள்தான். தோசைக்கரண்டிக்கு அது தெரியாது.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. சாவி வந்தது.

மறுநாள் கண்விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. படுத்த பக்கம் புரளாமல் தூங்கியிருந்தாள். கதவைத் திறந்தால், அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

“அண்ணன் வந்ததும் கதவத் தட்டுனேன்டி,” என்றாள் அம்மா. “உள்ள இருந்து ஒரு பொம்பளக் குரல். ‘பிள்ள தூங்குறா, எழுப்பாதீக’ன்னுச்சு.”

“தோசை?”

“அவனே ஊத்திக்கிட்டான்.”

தமிழ்வாணி சிரித்தாள். நிதானமாகக் குளித்து, சாப்பிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“சாயங்காலம் வாரப்ப இன்னொரு தலகாணி வாங்கிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.