கத்தி வெட்டு

காட்டுத்தீ அடங்கி ஒன்பதாம் நாளும், கணவர் வேறு பாதையால் தப்பியிருப்பார் என்றே யோகமலர் சொல்லிக்கொண்டிருந்தாள். உடல் கிடைக்கவில்லை. கொழுந்தன் பரராஜன் எரிந்த வளவுக்குக் காடாற்றுக்கான பாலும் நவதானியமும் கொண்டுவந்திருந்தான்.

“எந்தச் சாம்பலில ஊத்தப் போறீர்?” என்றாள்.

அவன் கையை விரித்தான். பாங்சியாச் செடியின் கருகிய காய். “தண்ணித் தாங்கியடியில கிடந்தது, அண்ணி.”

வேலியோரம் மஞ்சளாகப் பூத்த பாங்சியாவில் பறித்த காயொன்றைக் கணவர் பதினொரு வருடமாகச் சட்டைப் பையில் வைத்திருந்தார். காயின் உடம்பெல்லாம் இறுக மூடிய உதடுகள். ஒருமுறை அவள் கத்தியால் நெம்பிப் பார்த்தபோது சிரித்தார்.

“விடும். நெருப்புப் பட்டால்தான் உது வாய் திறக்கும்.”

“காடு முழுக்க உதுதானே கிடக்கு,” என்றபடி யோகமலர் காயைத் திருப்பினாள். அடியில் அவளுடைய கத்தி வெட்டு. அதைச் சுற்றி எல்லா வாய்களும் திறந்திருந்தன.

அப்படியே சாம்பலில் உட்கார்ந்தாள். இரண்டு விரல்களால் ஒரு வாயை அழுத்தி மூடப் பார்த்தாள். அது அசையவில்லை. அடுத்ததைப் பிடித்தாள். பரராஜன் பால் செம்பைக் கீழே வைக்காமல் காத்து நின்றான். இன்னும் நாற்பது வாய்களாவது இருந்தன.