ஒரு ஜோடிக்குத்தான் இடம்

“உங்க அம்மா அப்பா பேரைப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நானும் எத்தனை தடவை சொல்றது? உங்க அம்மா அப்பா பேரைத்தான் போடப்போறேன்.”

மற்ற வீடுகளில் இந்தச் சண்டை நேர்மாறாகத்தான் நடக்கும். இந்த வீட்டில் என்னவோ, புருஷன் தன் மாமனார் மாமியாருக்காகவும் பெண்டாட்டி தன் மாமனார் மாமியாருக்காகவும் மல்லுக்கு நின்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அவன் டயர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டில் வீட்டுப் பெரியவர்களையும் சேர்க்கலாம் என்று கம்பெனி இந்த வருஷம்தான் மனம் இறங்கியிருந்தது. அதிலும் ஒரு கொக்கி. ஒரு ஜோடிக்குத்தான் இடம். ஊழியரின் பெற்றோர், இல்லாவிட்டால் மனைவியின் பெற்றோர். மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது.

மணி நாலரை ஆகியிருந்தது.

“எங்க வீட்டுக்கு வெளியில தனியா ஒரு பாலிசி எடுத்துட்டாப் போச்சு” என்றாள்.

“ஒரு வாரமா அதைத்தானே பாத்துட்டிருக்கேன்!” மூன்று தாள்களை அவள் பக்கம் தள்ளினான். “இதுல பிரீமியம் கம்மி, ஆனா ஆஸ்பத்திரி செலவுல கால்வாசி நம்ம தலையில. இதுல ரூம் வாடகைக்கு இவ்வளவுதான்னு கட்டுப்பாடு. இதுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணுலயுமே ஏற்கெனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் காத்திருக்கணும். முதல் நாளே எல்லாத்துக்கும் கிடைக்கறது கம்பெனி பாலிசியில மட்டும்தான்.”

“அதனாலதான் அத்தையையும் மாமாவையும் அதுல சேர்த்துடுங்கங்கறேன்.”

“எங்க வீட்டுல ரெண்டு பேரும் திடமா இருக்காங்க. எங்கம்மா நிக்காம மூணு மாடி ஏறுவாங்க. அவங்க தாராளமா மூணு வருஷம் காத்திருக்கலாம்.”

மூன்று வருஷமா! ஒரு மாதம்கூடத் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகளைத் தேடி, போன வாரம் மாமியார் கடைக்கே வந்துவிட்டார். கூட்டம் குறைகிறவரை ஓரமாக நின்றிருந்துவிட்டு ரிப்போர்ட்டை நீட்டினார். மார்பில் கட்டி. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும்.

“அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. தாங்க மாட்டான். நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனவர், இன்னும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சத்தியம்தான் இப்போது இவள் கழுத்தை நெரித்தது.

“மாமனார் வீட்டுல நல்ல பேர் வாங்கணும்னு இவ்வளவு ஆசையா உங்களுக்கு?”

“அப்படியே வச்சுக்கோ.”

“எங்கப்பாவுக்கு என்ன வந்துச்சு? நேத்துகூட ஃபோன்ல, தோட்டத்துல தனியாளா குழி வெட்டினேன்னு பெருமை அடிச்சுக்கிட்டாரு.”

“பெரியவங்க ஃபோன்ல சொல்றதை எல்லாம் நம்பிட்டிருக்காதே” என்றான் எரிச்சலாக.

இவனோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று ஆகிவிட்டது. அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். ‘மனைவியின் பெற்றோர்’ என்ற கட்டத்தை நோக்கி அம்புக்குறி நகர்ந்தது. அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கையை எடு.”

“மாட்டேன்.”

“மணி நாலு அம்பது. விளையாடாதே.”

“யாருங்க விளையாடறா? அத்தைக்கு மார்புல கட்டி இருக்கு. கெட்ட கட்டி!”

அவன் கை அப்படியே நின்றது. சத்தியத்தை மீறிவிட்டோமே என்று உள்ளுக்குள் அறுத்தாலும், அவள் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

“ஆபரேஷன் எப்போ?” என்றான்.

“இந்த மாசத்துக்குள்ள.”

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து மென்று விழுங்கினான். ஐந்து மணிக்கு இன்னும் மூன்றே நிமிஷம்தான்.

“போடுங்க, நேரமாகுது!”

அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த தேதிகள். அவசரத்தில் ஒரு தடவை தப்பாக அடித்து அழித்தான். கடைசியில் பதிவாகிவிட்டது என்று திரையில் வந்தது.

அப்பாடா! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அத்தையிடம் எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், அத்தை பிழைத்தால் போதும்.

“எங்க வீட்டை நினைச்சு நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எங்கப்பா நூறு வயசு இருப்பார்” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். அம்மாவிடம் பேசப்போகிறான், பேசினால் உடைந்துவிடுவான் என்று பயந்து, தம்ளரில் தண்ணீரோடு அவளும் பின்னாலேயே போனாள். கதவருகே அவன் குரல் தணிவாகக் கேட்டது.

“மன்னிச்சிடுங்க மாமா, இந்தப் பாலிசியில உங்களைச் சேர்க்க முடியலை. உங்க ஹார்ட் ஆபரேஷனுக்கு எப்படியாவது வேற வழி பண்ணிடறேன்… இல்லை மாமா, உங்க பொண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியாது.”