யாருக்கெல்லாம் பாஸ்வேர்ட்?

டாக்கார் சந்தையில் சாயத்துணிக் கடை வைத்திருக்கும் பெந்தாவும் சோக்னாவும் புதிதாக ஒரு டேப்லெட் வாங்கியிருந்தார்கள். அதில் கணக்கு மென்பொருள் போட்டுத்தர வந்த இத்ரிஸா, புதினாத் தேநீரை உறிஞ்சியபடியே கேட்டான்.

"பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கணும்?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான் தம்பி," என்றாள் பெந்தா.

"வேணாங்க்கா. ஒருத்தர் விக்கிறதைப் பதியட்டும், லாபத்தை இன்னொருத்தர் மட்டும் பார்க்கட்டும். கூட்டு வியாபாரம் இதுலதான் உடையுது. போன மாசம் கூடப்பொறந்தவங்களே என் கண்ணு முன்னால டேப்லெட்டைப் பிடுங்கி அடிச்சுக்கிட்டாங்க."

சோக்னா சிரித்தாள். "நான் பிரசவத்துல சாகக் கெடந்தப்ப என் புள்ளைக்குப் பால் கொடுத்தவ இவ. இவகிட்ட மறைக்க என்ன இருக்கு?"

இத்ரிஸா இரண்டு பெயர்களையும் பதிந்தான்.

"இப்படி ஒத்துமையான அக்கா தங்கச்சியை நான் பார்த்ததே இல்ல. உங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"ரெண்டு பேரா? எங்களுக்கு இருக்கிறது ஒருத்தர்தான்!" என்று குலுங்கிச் சிரித்தாள் பெந்தா. "இவ என் தங்கச்சி இல்ல தம்பி, சக்களத்தி."

இத்ரிஸாவுக்குத் தேநீர் புரையேறியது. இருமி முடித்துவிட்டுத் தயங்கியபடி கேட்டான்.

"அப்ப, அவருக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டுடட்டுமா?"

"ஐயய்யோ, வேணாம்!" இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். "லாபத்தைப் பார்த்தார்னா மூணாவதா ஒருத்தியைக் கூட்டிட்டு வந்துடுவார்!"