போணி ஆகும் வரை

கடை திறக்க எல்லாம் தயார். முதலாளிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

முதலாளியின் பெயர் சினேகா. வயது நாலரை.

எங்கள் அங்கன்வாடியில் புவனா டீச்சர் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பார். நான் ஆயா. சமைப்பேன், கூட்டுவேன், மூக்கு துடைப்பேன். முதலாளியின் மூக்கையும் துடைத்துவிட்டேன்.

கடையை நானும் டீச்சரும்தான் கட்டினோம். சத்துமாவு வந்த அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டால் மேடை. காலி ஷாம்பு பாக்கெட்டுகளை நூலில் கோத்துச் சரமாகத் தொங்கவிட்டோம். பிஸ்கட் உறைகளில் மணல். சட்டை மாட்டும் ஹேங்கரில் இரண்டு கொட்டாங்குச்சியைக் கட்டியதும் தராசு வந்துவிட்டது. யாரோ ஒரு தாய் பஞ்சாமிர்த டப்பாவைக் கழுவி அனுப்பியிருந்தார். காசுக்குப் புளியங்கொட்டை.

பெயர்ப்பலகையும் உண்டு. முருகன் ஸ்டோர்ஸ். திருத்தணியில் கடை வைத்துவிட்டு வேறு பெயர் வைக்க முடியுமா?

சினேகாவை முதலாளியாக்கியது டீச்சர். அவள் அப்பா பஞ்சாட்சரத்துக்கு மலையடிவாரத்தில் மளிகைக் கடை. பிள்ளைக்குத் தொழில் தெரியும் என்று டீச்சர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தினமும் காலை ஆறரைக்குப் பால் வாங்கப் போவது அந்தக் கடைக்குத்தான். அப்போதுதான் ஷட்டர் தூக்கியிருப்பார்கள். பின்னாலேயே வீடு என்பதால் சினேகா வாயில் பிரஷ்ஷோடு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

என்னைப் பார்த்ததும் பஞ்சாட்சரம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொல்வார்.

"கொஞ்சம் அப்பால நில்லும்மா. போணி ஆவட்டும்."

புருஷன் செத்தவள் கையால் முதல் வியாபாரம் ஆனால் அன்றைக்குக் கடை விளங்காதாம். என் வீட்டுக்காரர் குமரவேல் போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமாக நான் சோடா பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வேறு யாராவது வந்து ஏதாவது வாங்கிய பிறகு என் பால் பாக்கெட் என் கைக்கு வரும்.

பஞ்சாட்சரம் கெட்டவர் இல்லை. எங்கள் துக்க வீட்டுக்குப் பதினாறு நாளும் காபித்தூள் அனுப்பியவர். மற்ற கடைக்காரர்களும் நிற்கத்தான் வைப்பார்கள். இவர் அதை மெதுவான குரலில் சொல்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகளோ பார்த்ததைத்தான் செய்யும்.

சினேகா கடை வாசலில் தண்ணீர் தெளித்தாள். அப்பாவைப் போலவே. சிவப்பு பாட்டில் மூடியைக் கற்பூரத் தட்டாக்கி மூன்று சுற்று சுற்றினாள். தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒன்றுகூட விடவில்லை. அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

பருப்பு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிச் சமையலறைக்குள் நழுவினேன். பெரியவர்கள் சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டது. இவள் வாயால் மட்டும் அதைக் கேட்கக் கூடாது. தினமும் என் மடியில் தூங்குகிற பிள்ளை இவள்.

"ஆயாம்மா, இங்க வா!"

காது கேளாதது போல் கரண்டியைச் சுழற்றினேன். அவளே வந்து முந்தானையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

பதினெட்டுப் பிள்ளைகளும் பார்க்க, கடைக்கு இடது பக்கம் நான்கடி தள்ளி என்னை நிறுத்தினாள். அங்கே கவிழ்த்துப் போட்ட பக்கெட் ஒன்று இருந்தது. சோடா பெட்டி.

"நீ இங்க நில்லு. போணி ஆவட்டும்."

விளையாட்டுதானே என்று சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. புவனா டீச்சருக்கு என் காலைக் கதை தெரியும். அவர் முகம் செத்துவிட்டது.

"ஏன் சினேகா, ஆயாம்மாவ எதுக்கு அப்பால நிக்க வெக்கற?"

சினேகா இடுப்பில் கை வைத்தாள். இதுகூடத் தெரியாமல் எப்படி டீச்சரானீர்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை.

"ஆயாம்மா நின்னாதான் டீச்சர் போணி ஆவும். எங்க கடையில தெனம் அப்டித்தான். இவங்க வந்து நிப்பாங்க, ஒடனே ஆள் வந்துரும். அதுக்குதான் நைனா நிக்க சொல்றாரு."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

மூன்று வருடமாக அந்தக் கடை வாசலில் நான் என்னவாக நின்றேன் என்பது எனக்குத் தெரியும். வாயில் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி அதை வேறு மாதிரி பார்த்திருக்கிறாள். அதுவும் ஒவ்வொரு நாளும்.

உள்ளே பருப்பு தீயும் வாசனை வந்தது. நான் நகரப் போனேன். முதலாளி விடவில்லை, ஆயாம்மா போனால் வியாபாரம் போச்சாம். டீச்சர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைக்க ஓடினார்.

முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.

தீபா என்கிற வாண்டு புளியங்கொட்டையோடு ஓடி வந்து ஷாம்பு கேட்டது. சினேகா சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். புளியங்கொட்டையை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

முருகன் இருக்கும் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட வேண்டியவள், நான் அந்த அட்டைப்பெட்டிக் கடையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஆயிடுச்சி ஆயாம்மா," என்றாள் சினேகா. "நாளிக்கி சீக்கிரம் வந்துரு. நீ வரலன்னா நைனா பாவம்."